இம்பாக்ட் கன் வீக்கா இருக்கா? வீட்டு கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் சொந்தமாக ஒரு சின்ன கம்ப்ரஸரும் அரை இன்ச் இம்பாக்ட் கன்னும் (காற்றழுத்தத்தில் தட்டித் தட்டி நட்டைக் கழற்றும் கருவி) வாங்கி, வீட்டு வாசலிலோ பேஸ்மென்ட் பார்க்கிங்கிலோ கார் வேலை பார்க்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டயர் கடைல டர்ருன்னு கழட்டுறான், என்னோடது மட்டும் ஏன் முனகுது?" ஆளாளுக்குப் போனில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கன் மேல்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் கன்னைக் கடைசியில்தான் பிரிப்பேன். ஏன் என்பது முதல் ஐந்தாறு பதில்களிலேயே தெரிந்துவிடும்.

டேங்க் மீட்டர்ல 115 பிஎஸ்ஐ காட்டுது. ஆனா வீல் நட்டு அசையவே மாட்டேங்குது. மீட்டர் பொய் சொல்லுதா?

மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் டேங்கைப் பற்றி மட்டும். டிரிகரை அழுத்தாமல் இருக்கும்போது ஓஸின் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஒரே அழுத்தம்தான் இருக்கும். அழுத்தியதும் காற்று ஓட ஆரம்பிக்கிறது. ஓஸ், கப்ளர் (ஓஸை மாட்டிக் கழற்றும் இணைப்பு), ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) என்று வழியில் இருக்கும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைத் தின்றுவிடும். டேங்கில் 115 இருக்க, கன் வாசலில் 50தான் இருக்கிறது என்பது சின்ன செட்டப்களில் சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். மொட்டை மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் கீழே குழாயில் சொட்டிக்கொண்டிருந்தால் தொட்டியையா குறை சொல்வோம்?

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு 1/4 இன்ச் டீ (T வடிவ இணைப்பு), ஒரு சின்ன பிரஷர் கேஜ் வாங்கி, கன்னுக்கு நேர் பின்னால் மாட்டுங்கள். எஸ்பி ரோடு பக்கம் நியூமேட்டிக் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் இரண்டும் கிடைக்கும். டிரிகரை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கேஜைப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் கன்னுக்கு உண்மையில் கிடைக்கும் அழுத்தம். இந்தச் சோதனையைச் செய்யாமல் வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

கன் மேல 90 பிஎஸ்ஐ-ன்னு எழுதியிருக்கு. அப்போ ரெகுலேட்டரை 90-ல வைச்சா சரிதானே?

இல்லை. அந்த 90 பிஎஸ்ஐ (சுமார் 6.2 பார்) கன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாசலில் இருக்க வேண்டிய அழுத்தம். ரெகுலேட்டரில் 90 வைத்தால், வழியில் இழந்தது போக மீதிதான் கன்னுக்கு வரும். மேலே சொன்ன டீ கேஜைப் பார்த்துக்கொண்டே, டிரிகர் அழுத்திய நிலையில் 90 வரும்வரை ரெகுலேட்டரைத் திருகுங்கள்.

ஆனால் ரெகுலேட்டரை முழுசாகத் திறந்தும் 90 வரவில்லை என்றால் அதற்கு மேல் திருகிப் பயனில்லை. வழியில் அடைப்பு இருக்கிறது. வழியைச் சரிசெய்யாமல் கம்ப்ரஸர் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் திருகைத் திருப்பி 10 பார் ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 8 பாருக்குச் செய்த டேங்க் 8 பாருக்குத்தான்.

கன் பெட்டில 4 சிஎஃப்எம் போதும்னு போட்டிருக்கு. என் கம்ப்ரஸர் 6 சிஎஃப்எம். அப்புறம் எப்படிப் பத்தாம போகும்?

சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற கணக்கு. இரண்டு எண்ணுமே அச்சில் அழகாக இருக்கும். ஆனால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. கன் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் சராசரி. கொஞ்ச நேரம் அழுத்தி, நிறைய நேரம் சும்மா வைத்திருப்பீர்கள் என்று கணக்கிட்டு எழுதியது. டிரிகரை விடாமல் அழுத்தினால் அதே அரை இன்ச் கன் அதைப் போல மூன்று நான்கு மடங்கு, சிலது அதற்கு மேலும் இழுக்கும்.

கம்ப்ரஸர் பெட்டியில் இருப்பதோ பல நேரம் பிஸ்டன் அளவையும் மோட்டார் வேகத்தையும் பெருக்கி வந்த கணக்கு. உண்மையில் டேங்குக்குள் போய்ச் சேரும் காற்று அதைவிடக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். வாங்கும்போது 'எஃப்ஏடி (உண்மையில் வெளியே தரும் காற்று) எவ்வளவு?' என்று கேளுங்கள், அதுவும் எந்த அழுத்தத்தில் என்று கேளுங்கள். கடைக்காரர் முழித்தால், பெட்டியில் இருக்கிற எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்பிக்கொள்ளலாம்.

என்கிட்ட 1 ஹெச்பி, 24 லிட்டர்தான் இருக்கு. இதுல கார் வீல் கழட்டவே முடியாதா?

முடியும். ஆனால் டயர் கடை மாதிரி தொடர்ந்து முடியாது. கணக்கு இதுதான். டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் காற்று 24 × 2 = 48 லிட்டர். கன் தட்டும்போது 15 சிஎஃப்எம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர், ஆக வினாடிக்கு ஏழு லிட்டர். 48 லிட்டர் ஏழு வினாடியில் காலி. இதில் இன்னொரு சங்கடம்: டேங்க் நிறைந்து நின்ற மோட்டார், அழுத்தம் 6 பார் பக்கம் இறங்கினால்தான் மறுபடி ஓடும். அதுவரை டேங்கில் இருப்பதை மட்டும்தான் செலவழிக்கிறீர்கள்.

ஆகவே ஒரு நட்டுக்கு இரண்டு மூன்று வினாடி, இரண்டு நட்டு கழன்றதும் நிறுத்துங்கள். மோட்டார் ஓடி நின்றதும் அடுத்த இரண்டு. நான்கு நட்டு இருக்கும் சின்ன காருக்கு இது போதும். ஒரே நட்டில் டிரிகரை இருபது வினாடி பிடித்துக்கொண்டே இருப்பதுதான் பலரும் செய்வது. முதல் ஐந்து வினாடியில் அசையாத நட்டு, இறங்கிக்கொண்டே போகும் அழுத்தத்தில் அதற்கப்புறம் அசையப் போவதில்லை.

கம்ப்ரஸரோட ஃப்ரீயா வந்த சுருள் ஓஸ்தான் போட்டிருக்கேன். அது பரவாயில்லையா?

அதுதான் முதல் குற்றவாளி. 8 மி.மீ. என்று விற்கும் அந்த பியூ (பாலியூரிதேன்) சுருள் ஓஸில் எட்டு என்பது வெளி விட்டம். உள்ளே காற்று போகும் ஓட்டை 5 மி.மீ. தான். சுருண்டு கிடப்பதால் ஐந்து மீட்டர் ஓஸ் என்று நினைப்பது, நீட்டிப் பார்த்தால் இன்னும் நீளம். டயருக்குக் காற்றடிக்க, ஊதித் துடைக்க அது நன்றாகவே போதும். இம்பாக்ட் கன்னுக்கு ஆகாது.

உள் விட்டம் 10 மி.மீ., அதாவது 3/8 இன்ச் ரப்பர் ஓஸ் வாங்குங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் காற்று போகும் பரப்பு நான்கு மடங்கு. அழுத்த இழப்பு அதைவிடப் பல மடங்கு குறையும். நீளம் எட்டு பத்து மீட்டருக்கு மேல் வேண்டாம். கடையில் கேட்கும்போது 'உள் அளவு' என்று அழுத்திச் சொல்லுங்கள்; இல்லையென்றால் வெளி அளவைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஓஸ் மேல் அது தாங்கும் அழுத்தம் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஓஸை கிளாம்ப் போட்டு மாட்டி வைத்திருந்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். அது வெடிக்காமல் இருந்தது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

ஓஸை மாத்திட்டேன். கொஞ்சம் பரவாயில்லை, ஆனா இன்னும் டயர் கடை மாதிரி இல்லை. அடுத்து என்ன?

கப்ளரும், அதற்குள் செருகும் நிப்பிளும். பெரிய ஓஸ் வாங்கிவிட்டு, அதன் இரண்டு முனையிலும் பழைய கப்ளரையே மாட்டினால் காற்று மறுபடி சின்ன ஓட்டை வழியாகத்தான் நுழைய வேண்டும். நிப்பிளைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் பென்சில் கூட நுழையாது. ஹை ஃப்ளோ வகை என்று கேட்டு வாங்குங்கள். ஓஸின் நடுவே தேவையில்லாத ஜாயின்ட், இரண்டு மூன்று அடாப்டர், குட்டி ஃபில்டர் எதுவும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

திரெட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கிடைக்கும் ஃபிட்டிங் பெரும்பாலும் பிஎஸ்பி என்ற மரை வகை. வெளிநாட்டிலிருந்து வரும் சில கன்களில் என்பிடி திரெட் இருக்கும். 1/4 இன்ச் அளவில் பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18; கோணமும் வேறு. முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும், அப்புறம் இறுகும். இறுகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் மரை கடித்துக்கொண்டிருக்கும். டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றினாலும் ஒழுகும். சரியான அடாப்டர் ஒன்றே வழி.

எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லையா? பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரை எல்லா ஜாயின்ட்டிலும் தடவுங்கள். குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

டைட் பண்ணும்போது ஓகே, கழட்டும்போதுதான் சக்தியே இல்லை. ரிவர்ஸ் கெட்டுப் போச்சா?

பெரும்பாலும் இல்லை. கன்னின் பின்பக்கம் 1, 2, 3 என்று ஒரு திருகு இருக்கும். சில மாடல்களில் அது இரண்டு திசைக்கும் சேர்த்து வேலை செய்யும், சிலவற்றில் டைட் பண்ணும் திசைக்கு மட்டும். முதலில் அதை முழுசாக வையுங்கள். அதோடு, மூன்று வருஷம் மழையிலும் பிரேக் சூட்டிலும் கிடந்த நட்டைக் கழற்ற, இறுக்கியதைவிட அதிக விசை வேண்டும். உங்கள் கன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தட்டுகிறது, நட்டுதான் மாறிவிட்டது.

கையில வச்சு அழுத்தினா விர்ருனு சுத்துது. நட்டுல வைச்சா தட்டவே மாட்டேங்குது. இது காத்துப் பிரச்சினையா, கன் பிரச்சினையா?

இங்கேதான் முதல்முறையாகக் கன்னைச் சந்தேகப்படலாம். ஆனால் டீ கேஜில் 90 பார்த்த பிறகுதான். கன்னுக்குள் இரண்டு பகுதி உண்டு. பின்னால் காற்று மோட்டார். முன்னால் தட்டும் ஹேமர். காது கொடுத்துக் கேட்டால் எது என்று சொல்லிவிடலாம். வெறுங்கையில் வேகமாகச் சுற்றி, நட்டில் வைத்ததும் தட்டாமல் நின்றுபோனாலோ வழுக்கிக்கொண்டு சுற்றினாலோ ஹேமர் பக்கம் கோளாறு: தேய்மானம், அல்லது கிரீஸ் காய்ந்து கட்டியாகிவிட்டது. வெறுங்கையிலேயே மந்தமாகச் சுற்றினால், சில நேரம் ஸ்டார்ட் ஆகவே கையால் ஆன்வில்லை (சாக்கெட் மாட்டும் முன் தண்டு) திருப்பிவிட வேண்டியிருந்தால், மோட்டார் பக்கம்: வேன் தகடுகள் எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும்.

மோட்டார் ரோட்டரில் வெட்டிய பள்ளங்களில் இந்தத் தகடுகள் உள்ளும் வெளியும் சறுக்க வேண்டும். வெளியே தள்ளி சிலிண்டர் சுவரைத் தொட்டால்தான் காற்று அவற்றைத் தள்ளும். ஒட்டிக்கொண்டால் காற்று பக்கவாட்டில் நழுவி எக்ஸாஸ்டில் போய்விடும். ஓஸைக் கழற்றிவிட்டு, கன்னின் காற்று வாசலில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஆன்வில்லைக் கையால் இரு பக்கமும் திருப்புங்கள். கொஞ்ச நேரம் கழித்து, எக்ஸாஸ்ட் வாயைத் துணியால் மூடி, முகத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, குறைந்த அழுத்தத்தில் ஓரிரு வினாடி ஓட்டுங்கள். கறுப்பாகக் கக்கும். பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. கறுப்பு நின்றதும் உடனே எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வறண்டுபோகும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். வேன் தகடு தனி செட்டாகக் கிடைக்கும். ஒன்று முனை உடைந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரிக்கும்போது போன் கேமராவில் வரிசையாகப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. ஒரு கேஸ்கெட் இடம் மாறினாலும் காற்று வழி அடைபடும்.

கன்னுக்கு என்ன எண்ணெய் விடணும்? வீட்ல இருக்கிற தேங்காய் எண்ணெய் விடலாமா?

இதைக் கேட்டவர் ஒருவர் அல்ல. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பெங்களூரில் மார்கழி, தை காலை வேளையில் பாட்டிலில் எப்படிக் கட்டியாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கன்னுக்குள்ளும் அதே கதிதான். இன்ஜின் ஆயில் மிகவும் கெட்டி. வேன் தகடை ஒட்டவைத்துவிடும். துருநீக்கும் ஸ்பிரே எண்ணெய் அல்ல. இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும்.

ஏர் டூல் ஆயில் என்றே விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் 32 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் மாதிரி மெல்லியது போதும். ஆபத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய். வேலை தொடங்கும் முன் காற்று வாசலில் நான்கைந்து சொட்டு, முடிந்து எடுத்து வைக்கும் முன் இரண்டு சொட்டு விட்டு ஒரு வினாடி ஓட்டுங்கள். ஹேமருக்கு எண்ணெய் போகாது. அதற்குத் தனியாக கிரீஸ், அதுவும் உங்கள் மாடல் கிரீஸ் கேட்கிறதா எண்ணெய் கேட்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டு. ஹேமர் அறையை கிரீஸால் நிரப்பித் திணித்தால் அடியே மந்தமாகிவிடும்.

ஆயில் ஃப்ரீ கம்ப்ரஸர்தானே வச்சிருக்கேன், அப்போ எண்ணெயே வேண்டாம்னு சொன்னாங்களே?

எண்ணெய் வேண்டாதது கம்ப்ரஸருக்கு. கன்னுக்கு வேண்டும். ஆயில் ஃப்ரீ வைத்திருப்பவர்கள்தான் மேலே சொன்னதைத் தவறாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்தக் காற்றில் எண்ணெய்ப் பசையே இருக்காது.

மழைக்காலத்துல கன் வாயிலேர்ந்து தண்ணி தெறிக்குது. கம்ப்ரஸருக்குள்ள தண்ணி எப்படி வந்துச்சு?

காற்றில் இருந்த ஈரம்தான். எட்டு மடங்கு அமுக்கிச் சூடான காற்று டேங்கில் ஆறும்போது, தாங்க முடியாத ஈரத்தைத் தண்ணீராக விட்டுவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் இது அதிகம். பேஸ்மென்ட்டில் வைத்திருந்தால் இன்னும் அதிகம். தண்ணீர் டேங்கின் அடியில் தேங்கி, டேங்க் கொள்ளளவைக் குறைக்கும், உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும். கன்னுக்குள் போனால் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் ஒட்டிப்போன வேன் தகடு பற்றிய பதிலை மறுபடி படிக்க வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் டேங்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே அடியில் உள்ள டிரெயின் வால்வைத் திறந்து, தண்ணீர் வெளியேறி வெறும் காற்று வரும்வரை விடுங்கள். ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைக்கும்போது மட்டும் திறப்பவர்களின் டேங்கிலிருந்து வருவது டீ டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். ஓஸ் தொடங்கும் இடத்தில் ஒரு நல்ல வாட்டர் ஃபில்டர் போடலாம், ஆனால் அரை இன்ச் போர்ட் உள்ளதாக. 1/4 இன்ச் குட்டி ஃபில்டர் போட்டால் கப்ளரில் மிச்சப்படுத்திய அழுத்தத்தை அங்கே இழப்பீர்கள்.

இதே கம்ப்ரஸர், இதே கன். சென்னையில மச்சான் வீட்ல நல்லா ஓடுது. பெங்களூர்ல ஏன் வீக்?

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதில் உண்மை இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. கம்ப்ரஸர் ஒவ்வொரு இழுப்புக்கும் அதே கன அளவைத்தான் இழுக்கிறது, ஆனால் அதில் உள்ள காற்று பத்து சதவீதம் குறைவு. அதனால் டேங்க் நிரம்ப அந்த அளவுக்கு நேரம் கூடும். தொடர்ந்து ஓட்டும் வேலையில் இது தெரியும்.

ஆனால் நிறைந்த டேங்கிலிருந்து ஒரு நட்டைக் கழற்றும்போது இது காரணம் ஆகாது. கேஜ் 90 காட்டினால் இங்கேயும் 90தான். கன் அதே மாதிரிதான் தட்டும். மச்சானிடம் அவர் என்ன ஓஸ் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள்.

டேங்க் நிரம்பறதுக்கே முன்னைவிட ரொம்ப நேரமாகுது. சில நாள் கட்-ஆஃப் ஆகாம ஓடிட்டே இருக்கு. மோட்டார் போயிடுச்சா?

முதலில் அளந்து பாருங்கள். டேங்க் 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எத்தனை வினாடி என்று போனில் நேரம் வைத்துப் பாருங்கள். 50 லிட்டர் டேங்க் 40 வினாடியில் ஏறினால், 100 லிட்டர் 40 வினாடியில். நிமிடத்துக்கு 150 லிட்டர். அதாவது ஐந்து சிஎஃப்எம்முக்குச் சற்று மேல். 2 ஹெச்பிக்கு இது மோசமில்லை. புதிதாக வாங்கியதும் இந்த நேரத்தை டேங்க் மேலேயே மார்க்கரில் எழுதி வைத்தால், பின்னால் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

நேரம் கூடியிருந்தால், மலிவானதிலிருந்து தொடங்குங்கள். இன்டேக் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளங்கள். நேரம் குறைந்தால் ஃபில்டர்தான் அடைத்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் என்றால் பெல்ட் வழுக்குகிறதா பாருங்கள். அடுத்து எல்லா ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர். இதெல்லாம் சரியென்றால் ஹெட்டில் உள்ள ரீட் வால்வு. அது மெல்லிய எஃகுத் தகடு. கரி படிந்தாலோ முனை உடைந்தாலோ அமுக்கிய காற்று திரும்ப இன்டேக் வழியே வெளியே வரும். ஓடும்போது இன்டேக் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: இழுப்பது மட்டும்தான் தெரிய வேண்டும். இழுத்து இழுத்து ஊதினால் வால்வு போய்விட்டது. வால்வு பிளேட், கேஸ்கெட் செட் விலை அதிகமில்லை. பிஸ்டன் ரிங் கடைசி. அதற்கு அடையாளம், ஆயில் வகையில் டேங்கிலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் வருவது.

மோட்டார் நின்னதும் பிரஷர் சுவிட்ச் கிட்ட புஸ்ஸுனு சத்தம் வருது. லீக்கா?

ஒரே ஒரு 'புஸ்' வந்து நின்றுவிட்டால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். பம்புக்கும் டேங்குக்கும் நடுவே உள்ள குழாயில் இருக்கும் காற்றை வெளியே விட்டால்தான் அடுத்த முறை மோட்டார் சுமையில்லாமல் ஸ்டார்ட் ஆகும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், டேங்க் வாயில் இருக்கும், காற்றைத் திரும்ப விடாத நான் ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. டேங்க் காற்று பின்னால் திரும்பி வருகிறது. டேங்கை முழுசாகக் காலி செய்துவிட்டு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷர் சுவிட்சை மாற்றச் சொல்லும் கடைக்காரரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாம்.

மாடி வீட்லேர்ந்து எக்ஸ்டென்ஷன் போட்டுக் கீழ பார்க்கிங்ல ஓட்டுறேன். மோட்டார் ஹம்முனு சத்தம் போட்டு ட்ரிப் ஆகுது.

ஒயர் மெல்லியது. 20 மீட்டர் நீளமுள்ள 1 சதுர மி.மீ. ஒயரில் 10 ஆம்பியர் ஓடும்போது ஏழெட்டு வோல்ட் இழப்பு. ஸ்டார்ட் ஆகும் கணத்தில் மோட்டார் ஐந்து மடங்கு வரை இழுப்பதால் இழப்பும் அத்தனை மடங்கு. மோட்டாரின் திருகுவிசை வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 200 கிடைத்தால் விசையில் கால்வாசி போய்விடும். மாலையில் தெருவில் எல்லா வீட்டிலும் கீசர், மோட்டார் ஓடும் நேரத்தில் வரும்போதே குறைவாக வந்தால் கேட்கவே வேண்டாம்.

மின்சார ஒயரின் நீளத்தைக் குறைத்து, காற்று ஓஸை நீளமாக்குங்கள். 2 ஹெச்பிக்கு 16 ஆம்பியர் சாக்கெட், 2.5 சதுர மி.மீ. ஒயர், எர்த் கட்டாயம். ஓஸை நீட்டும்போது 10 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. உள் அளவு எடுத்தால் இழப்பு தெரியாது. ஒயர் சரியாக இருந்தும் ஹம் என்று நிற்கிறது என்றால் கெப்பாசிட்டர், அல்லது நான் ரிட்டர்ன் வால்வு. போன பதிலில் சொன்ன 'புஸ்' வராமலே நின்றிருந்தால் மோட்டார் முழு அழுத்தத்துக்கு எதிராக ஸ்டார்ட் ஆகப் போராடும்.

சாதா பாக்ஸ் சாக்கெட் போட்டாலும் வேலை நடக்குதே, கறுப்பு இம்பாக்ட் சாக்கெட் எதுக்கு?

பளபளப்பான குரோம் சாக்கெட் கைக்குச் செய்தது. இம்பாக்டில் விரிசல் விட்டுத் தெறிக்கலாம். பாதுகாப்புக் காரணம் அதுதான், அதுவே போதும். சக்திக் காரணமும் உண்டு. சாக்கெட் நட்டில் தளர்வாக உட்கார்ந்தாலோ, நடுவே நீளமான எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் போட்டாலோ ஒவ்வொரு அடியிலும் ஒரு பகுதி அங்கேயே முறுக்கிக்கொண்டு வீணாகும். சரியான அளவு ஆறுமுக இம்பாக்ட் சாக்கெட்டை நேராகக் கன்னில் மாட்டிப் பாருங்கள். வித்தியாசம் கையில் தெரியும்.

சுவரோரமா பிவிசி பைப்ல காத்து லைன் இழுக்கலாமா? பிளம்பர் ஓகேன்னு சொல்றார்.

கூடாது. தண்ணீர் பிவிசியை உடைத்தால் ஒழுகும். அமுக்கிய காற்று உடைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெயிலும் எண்ணெய்ப் பசையும் பட்டு அது நொறுங்கும் தன்மைக்கு வந்திருப்பது வெளியே தெரியாது. ஜிஐ, செம்பு, அல்லது காற்று லைனுக்கென்றே வரும் அலுமினியக் குழாய். வீட்டு அளவுக்கு நல்ல ரப்பர் ஓஸ் ஒன்றே போதும் என்பது என் கட்சி.

பக்கத்துல இன்னொரு டேங்க் சேர்த்தா பவர் கூடுமா? பழைய கேஸ் சிலிண்டர் ஒண்ணு சும்மா கிடக்கு.

டேங்க் கூடினால் அழுத்தம் கூடாது, நேரம்தான் கூடும். 24 லிட்டரோடு இன்னொரு 50 லிட்டர் சேர்த்தால், முன்பு சொன்ன ஏழு வினாடி இருபதுக்கு மேல் போகும். நான்கு நட்டையும் நிற்காமல் கழற்றலாம். ஆனால் நிரப்புவதற்கும் அதே அளவு மடங்கு நேரம். 1 ஹெச்பி மோட்டார் அவ்வளவு நேரம் ஓடினால் சூடாகி ட்ரிப் ஆகும். காற்று டேங்காகவே செய்த, சேஃப்டி வால்வும் டிரெயினும் உள்ளதை மட்டும் சேருங்கள். சமையல் கேஸ் சிலிண்டர் எண்ணெய் கம்பெனிக்குச் சொந்தம். அதில் ஓட்டை போடுவதும் வெல்டிங் வைப்பதும் உயிரோடு விளையாடுவது.

இவ்வளவும் செலவு பண்றதுக்குப் பேட்டரி இம்பாக்ட் கன் வாங்கிடலாமா?

காரில் வீல் கழற்றுவது மட்டும்தான் வேலை என்றால், ஆமாம். பிரஷ்லெஸ் மோட்டார் உள்ள ஒரு நல்ல 18 வோல்ட் கன், 24 லிட்டர் கம்ப்ரஸரோடு ஓடும் ஏர் கன்னைவிட உங்களுக்கு அதிகம் உதவும். அபார்ட்மென்ட்டில் சத்தத்துக்காகக் கீழ் வீட்டுக்காரர் கதவு தட்டவும் மாட்டார். கம்ப்ரஸர் ஏற்கெனவே இருக்கிறது, பெயின்ட் அடிக்க, டயருக்குக் காற்றடிக்க வேண்டும் என்றால் ஓஸையும் கப்ளரையும் மாற்றுவது அதைவிட எவ்வளவோ மலிவு. புதிதாக ஏர் கன் வாங்கினால் பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் கழற்றும் திசையில், முழுக் காற்று கிடைக்கும்போது வரும் உச்ச அளவு. காற்று குறைவாக இழுக்கும் சின்ன கன் உங்கள் கம்ப்ரஸரில் பெரிய கன்னைவிட நன்றாகவே தட்டும்.

எல்லாம் மாத்திட்டேன், இப்போ சூப்பரா தட்டுது. ஆனா திருப்பி மாட்டும்போது வீல் போல்ட்டு ஒண்ணு முறிஞ்சிடுச்சு. ஏன்?

ஏனென்றால் இப்போதுதான் கன்னுக்கு உண்மையான சக்தி வந்திருக்கிறது. சின்ன கார்களில் வீல் நட்டுக்கு வேண்டியது 100 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். சரியான எண் உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். முழுக் காற்று கிடைக்கும் அரை இன்ச் கன் அதைப் போல மூன்று நான்கு மடங்கைச் சர்வசாதாரணமாகத் தரும். பலவீனமாக இருந்தவரை அது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று கூடச் சொல்லலாம்.

கன்னைக் கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள். மாட்டும்போது நட்டை விரலால் சில சுற்று ஏற்றி, வீல் ஸ்பானரால் குறுக்கு வரிசையில் பிடித்து, ஜாக்கியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கடைசி இறுக்கு. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். அதே டார்க்கில் போல்ட்டு மேலும் நீளும். முறிந்த போல்ட்டை மாற்றும்போது பக்கத்துப் போல்ட்டுகளின் மரையையும் பாருங்கள், நீண்டிருந்தால் நட்டு நடுவில் இறுகும், அதையும் மாற்றிவிடுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.